"ஓரமாப் போ"ன்னு சொல்றீங்களே... அந்த ஓரம் எங்க இருக்கு? - பழனி ரோடுகளும் சைக்கிள் பாதையும்

பள்ளிக்கூட நாள் ஒன்றில், காலை எட்டரை மணி வாக்கில் ஆயக்குடியிலிருந்து பழனி வரும் ரோட்டின் ஓரத்தில் பத்து நிமிஷம் நின்று பாருங்கள். கொய்யா ஏற்றிய மினி லாரி, ஆளை அள்ளிப்போட்டு வரும் டவுன் பஸ், வெளியூர் பக்தர்களின் வேன், பால் கேன் கட்டிய டூவீலர் எல்லாம் வரிசையாகப் போகும். நடுவே, வெள்ளைக்கோட்டுக்கும் மண்ணுக்கும் இடையே இருக்கும் ஒரு முழம் இடத்தில், அரசு கொடுத்த சைக்கிளில் ஒரு பிளஸ் ஒன் மாணவி வருவாள். பின்னால் ஹாரன். இடது பக்கம் மண் இறக்கம். வலது பக்கம் பஸ் டயர்.

ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடித்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் இடது பக்கம் ஒதுங்குவாள். அவளால் செய்ய முடிந்தது அவ்வளவுதான். ஏனென்றால் வீட்டில் அம்மா சொன்னதும் அதுதான், டீச்சர் சொன்னதும் அதுதான், பஸ் டிரைவர் கத்துவதும் அதுதான்: "ஓரமாப் போம்மா!"

சரி... அந்த ஓரம் எங்கே இருக்கிறது? அதை யாராவது கட்டிக் கொடுத்திருக்கிறோமா? சைக்கிள் பாதை என்றால் நிஜத்தில் என்ன, அது எப்போது உயிரைக் காப்பாற்றும், எப்போது வெறும் பெயின்ட்டாக நிற்கும்? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

சைக்கிளை இன்னும் யார் ஓட்டுறாங்க?

"இப்பல்லாம் யாருங்க சைக்கிள் ஓட்டுறா?" என்று கேட்பவர்கள் பெரும்பாலும் டூவீலர் வைத்திருப்பவர்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் விவசாயம், வீட்டுத்தொழில் தவிர்த்த மற்ற வேலைகளில் இருப்பவர்களில் சுமார் 13 சதவிகிதம் பேர் வேலைக்கு சைக்கிளில் போனார்கள். ஹெல்மெட், லைக்ரா டிரெஸ் போட்டு ஞாயிறு காலை ரைடு போகிறவர்கள் இதில் சொற்பம். மில் தொழிலாளி, கட்டட வேலைக்குப் போகிறவர், கீரை விற்கிறவர் இவர்கள்தான் அதிகம்.

தமிழ்நாட்டில் இன்னொரு பெரிய கூட்டம் உண்டு. 2001-02-ல் பிளஸ் ஒன் படிக்கும் பட்டியல் சாதி, பழங்குடி மாணவிகளுக்கு இலவச சைக்கிள் கொடுக்கும் திட்டம் வந்தது. சில வருடங்களிலேயே அது அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளின் மாணவ மாணவிகள் எல்லோருக்குமாக விரிந்தது. இன்று உங்கள் தெருவில் எந்த வீட்டைக் கேட்டாலும் அந்த சைக்கிள் ஒன்று திண்ணையில் சாய்ந்திருந்த கதை இருக்கும்.

சைக்கிள் ஒரு பெண்ணுக்கு என்ன தரும் என்பதற்குப் பக்கத்திலேயே சாட்சி இருக்கிறது. 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, கலெக்டராக இருந்த ஷீலா ராணி சுங்கத், எழுத்தறிவோடு சைக்கிளையும் சேர்த்துக் கற்றுக்கொள்ள கிராமத்துப் பெண்களை ஊக்குவித்தார். ஆயிரக்கணக்கான பெண்கள் ஓட்டக் கற்றார்கள். பஸ்ஸுக்காகவும் வீட்டு ஆம்பளைக்காகவும் காத்திருந்தவர்கள், தண்ணீருக்கும் வேலைக்கும் தாங்களாகவே கிளம்பினார்கள். பத்திரிகையாளர் பி.சாய்நாத் எழுதியதால் இந்தக் கதை உலகம் முழுக்கப் போனது.

ஆக, சைக்கிள் கொடுப்பதில் தமிழ்நாடு சூப்பர். அதை ஓட்டுவதற்கு இடம் கொடுப்பதில்தான் நாம் சொதப்புகிறோம். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் 2022 அறிக்கைப்படி, அந்த வருடம் நாடு முழுக்கச் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். இதில் சைக்கிளில் போனவர்கள் கிட்டத்தட்ட 3 சதவிகிதம். 3 சதவிகிதம்தானே என்று தோன்றலாம். ஆனால், அது சுமார் 4,800 உயிர். அதே வருடம் விபத்துகளின் எண்ணிக்கையில் நாட்டிலேயே முதலிடம் தமிழ்நாட்டுக்கு.

பழனிக்கு ஏற்கெனவே தெரிந்த பாடம்

சைக்கிள் பாதை என்றதும் நெதர்லாந்து போட்டோதான் ஞாபகம் வரும். அவ்வளவு தூரம் போக வேண்டாம். பாதுகாப்பான பாதைக்கான இரண்டு அடிப்படைப் பாடங்களும் பழனியிலேயே இருக்கின்றன.

முதல் பாடம், கிரிவீதி. மலையைச் சுற்றிவரும் அந்தப் பாதையில் முன்பு பக்தர்கள் நடந்ததைவிட வண்டிகளுக்கு ஒதுங்கியதுதான் அதிகம். உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் உத்தரவுகளைத் தொடர்ந்து ஆக்கிரமிப்புகள் அகற்றப்பட்டன. 2024-ல் தனியார் வாகனங்களுக்குத் தடை வந்தது. நடக்க முடியாதவர்களுக்கு பேட்டரி கார்கள் ஓடுகின்றன. மனிதர்கள் நெருக்கமாக இருக்கும் இடத்தில் வண்டியை வெளியே நிறுத்து. இதுதான் பாடம்.

இரண்டாவது பாடம், திண்டுக்கல் - பழனி பாதயாத்திரைப் பாதை. தைப்பூசம், பங்குனி உத்திரம் என்றால் லட்சக்கணக்கானவர்கள் நடந்தே வருகிறார்கள். அவர்களுக்காக ஹைவேஸ் ஓரமாகத் தனி நடைபாதை போட்டிருக்கிறார்கள். ராத்திரி நடப்பவர்களின் பையிலும் முதுகிலும் ஒளிரும் ஸ்டிக்கர் ஒட்டுவது சீசன்தோறும் பார்க்கிற காட்சி. வேகம் அதிகமான இடத்தில் மெதுவானவர்களைத் தனியாகப் பிரி, இருட்டில் அவர்கள் கண்ணில் படும்படி செய். இது அடுத்த பாடம்.

உலகம் முழுக்க சைக்கிள் பாதை டிசைன் செய்கிறவர்கள் சொல்வதும் ஏறக்குறைய இதே இரண்டு வரிதான்: ஒன்று, வேகத்தைக் குறை. முடியாவிட்டால், பாதையைப் பிரி. பக்தர்களுக்கு வருடத்தில் சில வாரங்கள் செய்கிற ஏற்பாட்டை, தினமும் ஸ்கூலுக்குப் போகிற பிள்ளைக்குச் செய்தால் அதுதான் சைக்கிள் பாதை.

வில்லன் பேரு வேகம்

ஒரு சின்னக் கணக்கு. எதிரில் சைக்கிள் தடுமாறுவதை டிரைவர் பார்க்கிறார். மூளை சொல்லி, கால் பிரேக்குக்குப் போக ஒரு விநாடி ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். காய்ந்த தார் ரோடு, நல்ல டயர், நல்ல பிரேக்.

30 கி.மீ வேகத்தில் வந்தால், வண்டி நிற்க ஏறத்தாழ 13 மீட்டர் தேவை.

50 கி.மீ என்றால் 28 மீட்டர்.

60 கி.மீ என்றால் 36 மீட்டருக்கும் மேல்.

அதாவது சைக்கிள் 15 மீட்டர் முன்னால் விழுந்தால், 30-ல் வந்தவர் திட்டிவிட்டுப் போவார். 50-ல் வந்தவர் பிரேக் முழுசாகப் பிடிப்பதற்குள் மோதியிருப்பார். மழை பெய்திருந்தாலோ, மணல் கிடந்தாலோ, லாரியில் லோடு இருந்தாலோ இந்தத் தூரம் இன்னும் நீளும். சராசரி வேகம் ஒரு சதவிகிதம் கூடினால் உயிர்ப்பலி விபத்துகள் சுமார் 4 சதவிகிதம் கூடும் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

அதனால்தான் ஒரு தெருவுக்கு என்ன மாதிரி சைக்கிள் வசதி வேண்டும் என்பதை, அந்தத் தெருவின் அகலத்தைவிட அங்கே ஓடும் வேகம்தான் முடிவு செய்கிறது.

நாலு வகை... எது எங்கே?

1. மெதுவான தெரு: தனிப் பாதையே கிடையாது. வேகத்தடை, குறுகலான நுழைவு, உயர்த்திய கிராஸிங் வைத்து எல்லா வண்டியையும் 30 கி.மீ-க்குள் கொண்டுவந்துவிடுவார்கள். குடியிருப்புத் தெருக்களுக்கும் கடைவீதிகளுக்கும் இதுதான் பெஸ்ட். செலவும் கம்மி.

2. பெயின்ட் கோடு: ரோட்டின் ஓரத்தில் கோடு போட்டு, சைக்கிள் படம் வரைவது. சீக்கிரம் முடியும், போட்டோவுக்கு நன்றாக இருக்கும். ஆனால் பெயின்ட் எந்த லாரியையும் தடுக்காது. நம் ஊரில் அடுத்த நாளே அங்கே ஒரு கார் நிற்கும், அதற்கடுத்த நாள் ஒரு தள்ளுவண்டி.

3. கம்பம் நட்ட பாதை: கோட்டோடு சேர்த்து ரப்பர் கம்பங்களோ தடுப்புக் கட்டைகளோ வைப்பது. சோதனை முயற்சிக்கு நல்லது. உடைந்த கம்பத்தை அடுத்த வாரமே மாற்ற ஆள் இருந்தால்தான் நிலைக்கும்.

4. உயர்த்திய தனிப் பாதை: ரோட்டைவிடச் சற்று உயரமாக, நடைபாதைக்கும் ரோட்டுக்கும் நடுவில் வருவது. செலவு அதிகம், பாதுகாப்பும் அதிகம். பஸ்ஸும் லாரியும் 50 கி.மீ-க்கு மேல் ஓடும் ரோட்டுக்கு இதைத் தவிர வேறு உருப்படியான வழி இல்லை.

நல்ல பாதையை எப்படிக் கண்டுபிடிப்பது?

உங்கள் ஊரில் சைக்கிள் பாதை போடுகிறார்கள் என்றால், டேப்பை எடுத்துக்கொண்டு போய்ப் பாருங்கள்.

அகலம்: ஒரு பக்கமாக மட்டும் போகும் பாதைக்குக் குறைந்தது 2 மீட்டர். இரண்டு பக்கமும் போய்வர 3 மீட்டர். சைக்கிள் நேர்க்கோட்டில் போகும் வண்டி இல்லை. மெதுவாகப் போகும்போதும் மேடேறும்போதும் இரண்டு பக்கமும் ஆடும். அதனால் ஓர் ஆளுக்கே ஒரு மீட்டர் வேண்டும். பின்னால் வருகிறவர் முந்த இன்னொரு மீட்டர். ஒரு மீட்டர் அகலத்தில் பாதை போட்டால், முதல் ஆள் கீரைக்கூடை வைத்திருந்தால் போதும், மற்றவர்கள் எல்லாம் ரோட்டுக்கு இறங்கிவிடுவார்கள்.

பார்க்கிங்கின் எந்தப் பக்கம்?: நின்றிருக்கும் காருக்கும் ஓடும் வண்டிகளுக்கும் நடுவே சைக்கிள் பாதை போடுவது பெரிய தப்பு. கார் கதவு திடீரென்று திறக்கும், சைக்கிள்காரர் மோதி ரோட்டில் விழுவார், பின்னால் பஸ். சரியான வரிசை இடமிருந்து வலமாக இப்படி: நடைபாதை, சைக்கிள் பாதை, கதவு திறக்க அரை மீட்டர் இடைவெளி, பார்க்கிங், அப்புறம் ரோடு. நின்றிருக்கும் கார்களே தடுப்புச்சுவராகிவிடும்.

தளம்: பேவர் பிளாக் பார்க்க அழகு, ஓட்டினால் கை நடுங்கும். கொஞ்ச நாளில் கல் கிளம்பிவிடும். பாதை கடகடவென்று இருந்தால் சைக்கிள்காரர் வழுவழுப்பான தார் ரோட்டுக்கே போவார். அப்புறம், "பாதை போட்டும் யாரும் பயன்படுத்தலையே" என்பார்கள்.

சாக்கடை மூடி: கம்பிகள் சைக்கிள் போகும் திசையிலேயே நீளமாக இருந்தால் டயர் உள்ளே சிக்கும். குறுக்காக இருக்க வேண்டும். சின்ன விஷயம், பல் உடையும் விஷயம்.

பஸ் ஸ்டாப்: பாதை பஸ் ஸ்டாப்பின் முன்னால் போனால், ஓரங்கட்டும் பஸ்ஸும் சைக்கிளும் தினமும் மோதத்தான் செய்யும். ஸ்டாப்பைத் தீவு மாதிரி வைத்துவிட்டு, பாதையை அதன் பின்னால் கொண்டுபோக வேண்டும்.

நிழல்: இதை எந்த வெளிநாட்டு டிசைன் புத்தகமும் முதலில் சொல்லாது. பழனி வெயிலுக்கு, புளியமரமும் வேப்பமரமும்கூட சைக்கிள் பாதையின் பாகம்தான். ரோட்டை அகலப்படுத்த மரத்தை வெட்டும்போது சைக்கிள்காரரின் கூரையையும் சேர்த்துத்தான் வெட்டுகிறோம்.

கண்டம் இருப்பது ஜங்ஷனில்!

நேர் ரோட்டில் அருமையாக வரும் பாதை, ஜங்ஷன் வந்ததும் காணாமல் போகும். நம் ஊரில் மட்டும் அல்ல, நிறைய நாடுகளில் இதே கதை. ஆனால், சைக்கிளும் மோட்டார் வண்டியும் ஒன்றையொன்று குறுக்கிடும் இடமே ஜங்ஷன்தான்.

ரொம்ப ஆபத்தானது, இடது திருப்பம். லாரி இடது பக்கம் திரும்ப மெதுவாகிறது. "வழி கிடைச்சிடுச்சு" என்று சைக்கிள் அதன் இடது பக்கம் நுழைகிறது. டிரைவரின் கண்ணாடியில் அந்த இடம் சரியாகத் தெரியாது. லாரி திரும்பும்போது அதன் பின்சக்கரம், முன்சக்கரம் போன வழியில் போகாமல் உள்பக்கமாக வெட்டிப் போகும். சைக்கிள் அங்கேதான் இருக்கும்.

இதைத் தடுக்க மூன்று வழி உண்டு. ஒன்று, திருப்பத்தின் வளைவைக் கூர்மையாக்குவது. வளைவு பெரிதாக இருந்தால் வண்டி வேகமாகத் திரும்பும், கூர்மையாக இருந்தால் பிரேக் போட்டே ஆக வேண்டும். இரண்டு, முனையில் ஒரு சின்னத் தீவு அமைத்து, சைக்கிள் பாதையை ஒரு கார் நீளம் உள்ளே தள்ளிக் கடக்க வைப்பது. திரும்பி முடித்த டிரைவரின் நேர்க்கண்ணில் சைக்கிள் தெரியும். மூன்று, சிக்னலில் சைக்கிளுக்கான நிற்கும் கோட்டை மற்ற வண்டிகளுக்கு முன்னால் போடுவது.

ஒரு சைக்கிள் பாதை நல்லதா என்று தெரிய, அதன் நடுப்பகுதியைப் பார்க்காதீர்கள். அது முடியும் இடத்தைப் பாருங்கள்.

சொதப்பல்களும் சக்சஸ்களும்

2020-ல் பெங்களூரு வெளிவட்டச் சாலையில் கம்பங்கள் நட்டு, சுமார் 17 கி.மீ-க்கு 'பாப்-அப்' சைக்கிள் பாதை போடத் தொடங்கினார்கள். கொரோனா காலத்தில் நாடு முழுக்கப் பேசப்பட்டது. பராமரிப்பு இல்லாமல் கம்பங்கள் உடைந்தன, டூவீலர்கள் நுழைந்தன. பாதை போடுவது ஒருநாள் வேலை, காப்பாற்றுவது தினசரி வேலை என்று அது காட்டியது.

2023 அக்டோபரில் ஹைதராபாத், வெளிவட்டச் சாலையை ஒட்டி 23 கி.மீ-க்கு சோலார் கூரை போட்ட பாதையைத் திறந்தது. வெயிலுக்கு நிழல், கூரையில் கரன்ட். ஐடியா அட்டகாசம். ஆனால், பெரும்பாலும் அது உடற்பயிற்சி, ஓய்வு நேர ரைடுக்கான பாதை. வேலைக்கும் ஸ்கூலுக்கும் போகிறவருக்கு வேண்டியது அவர் வீட்டு வாசலிலிருந்து தொடங்கும் பாதை.

கொல்கத்தா இன்னொரு எல்லைக்குப் போனது. 2013-ல் 170-க்கும் மேற்பட்ட ரோடுகளில் சைக்கிளையே தடை செய்தது. பால்காரரும் பேப்பர்காரரும்தான் அபராதம் கட்டினார்கள்.

சென்னை மாநகராட்சி 2014-லேயே நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் முன்னுரிமை தரும் கொள்கையை ஏற்றது. 2019-ல் பாண்டி பஜாரில் அகலமான நடைபாதை வளாகம் திறக்கப்பட்டது. நடப்பவர்களுக்கு அது ஒரு சாதனை. சைக்கிளுக்கு அப்படி ஒரு முழு ரோட்டைக் காட்டு என்றால், சென்னைக்காரர்கள் யோசிக்கத்தான் வேண்டும்.

சரி, ஜெயித்தவர்கள்? நெதர்லாந்து பிறக்கும்போதே சைக்கிள் நாடாக இருக்கவில்லை. போருக்குப் பின் அங்கேயும் கார்தான் ராஜா. 1971-ல் சாலை விபத்துகளில் சுமார் 3,300 பேர் இறந்தார்கள், அதில் 400-க்கும் மேல் குழந்தைகள். மகளைப் பறிகொடுத்த பத்திரிகையாளர் விக் லாங்கன்ஹாஃப், 'குழந்தைகள் கொலையை நிறுத்து' என்று எழுதினார். அதுவே ஓர் இயக்கத்தின் பெயரானது. பெற்றோர்கள் ரோட்டில் உட்கார்ந்தார்கள். 1973-ல் பெட்ரோல் தட்டுப்பாடும் சேர்ந்துகொள்ள, அரசு பாதையை மாற்றியது. ஆக, அங்கே சைக்கிள் பாதை அப்பா அம்மாக்கள் போராடி வாங்கியது.

"அது குளிர் நாடுங்க, நம்ம வெயிலுக்கு ஆகுமா?" என்றால், ஸ்பெயினின் செவில் நகரத்தைப் பாருங்கள். கோடையில் 40 டிகிரியைத் தாண்டும் ஊர். 2006-க்குப் பிறகு சில வருடங்களிலேயே 100 கி.மீ-க்கும் மேல் தனிப் பாதை போட்டார்கள். அங்கே ஒன்று, இங்கே ஒன்று என்று போடாமல், ஒன்றோடொன்று சேரும் வலையாகப் போட்டார்கள். ஒரு சதவிகிதத்துக்கும் கீழே இருந்த சைக்கிள் பயணம் பல மடங்கு ஏறியது. துண்டு துண்டாகப் பாதை போட்டால் யாரும் வர மாட்டார்கள், இணைத்துப் போட்டால் வருவார்கள்.

பழனியில் என்றால் எப்படி?

பழனிக்குப் பெரிய பட்ஜெட் தேவையில்லை. ஊர் சின்னது. ஆயக்குடி, நெய்க்காரப்பட்டி, பாலசமுத்திரம் எல்லாம் சைக்கிள் தூரம்தான். இந்த ஊரைப் பார்க்க மூன்று கண்ணாடி போதும்.

அடிவாரம், சன்னிதி வீதி, கடைவீதிகள்: இங்கே தனிப் பாதைக்கு இடம் கிடையாது, தேவையும் இல்லை. நடப்பவர்களே அதிகம். வேகத்தை 20, 30-க்குக் கொண்டுவந்து, வெளியூர் வண்டிகளை ஊருக்கு வெளியே பார்க்கிங்கில் நிறுத்தினால் போதும். கிரிவீதியில் நடந்த மாற்றத்தின் அடுத்த வட்டம் இது.

பஸ் ஸ்டாண்டைச் சுற்றியுள்ள ரோடுகள், ரயில்வே ஃபீடர் ரோடு: இங்கேதான் பஸ், ஆட்டோ, சைக்கிள் எல்லாம் முட்டிக்கொள்கின்றன. முதலில் ஜங்ஷன்களைச் சரிசெய்ய வேண்டும். பார்க்கிங்கை ஒழுங்குபடுத்தினாலே சைக்கிளுக்கு இடம் கிடைக்கும்.

திண்டுக்கல், உடுமலை, தாராபுரம் ரோடுகள்: வேகம் அதிகம், லாரி அதிகம். இங்கே உயர்த்திய தனிப் பாதைதான் வழி. திண்டுக்கல் ரோட்டில் பாதயாத்திரைக்கென்று பிரித்த இடம் ஏற்கெனவே இருக்கிறது. அதைச் சைக்கிளும் போகிற அகலத்தில், நல்ல தளத்தோடு, முள்செடி வெட்டி, விளக்குப் போட்டு வைத்தால், தைப்பூசத்துக்கு பக்தர்கள், மற்ற நாள்களில் பள்ளிப் பிள்ளைகள். ஒரே பாதை, வருடம் முழுக்க உபயோகம். கூட்டம் நெருக்கும் அந்தச் சில நாள்களில் மட்டும் சைக்கிள்காரர்கள் இறங்கித் தள்ளிக்கொண்டு போகலாம், தப்பில்லை.

ஒரு சிக்கலையும் ஒப்புக்கொள்ள வேண்டும். சைக்கிள் நுழையும் எந்த இடைவெளியிலும் டூவீலர் நுழையும். கம்பத்தால் மட்டும் அதைத் தடுக்க முடியாது. பக்கத்து ரோடு நெரிசல் இல்லாமல் ஓட வேண்டும், போலீஸ் அவ்வப்போது நிற்க வேண்டும், முக்கியமாக சைக்கிள்காரர்கள் கூட்டமாக வர வேண்டும். நாற்பது பிள்ளைகள் வரிசையாக வரும் பாதையில் எதிர்த்து வர எந்த பைக்காரருக்கும் மனசு வராது.

சட்டம் யார் பக்கம்?

மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-ல் வந்த திருத்தம் இரண்டு முக்கியமான கதவுகளைத் திறந்தது. பிரிவு 138(1ஏ), நடப்பவர்கள், சைக்கிள் போன்ற மோட்டார் இல்லாத வண்டிகள் சம்பந்தமாக மாநில அரசுகள் விதிகள் வகுக்கலாம் என்கிறது. பிரிவு 198ஏ, நிர்ணயிக்கப்பட்ட தரத்தைப் பின்பற்றாமல் ரோட்டை டிசைன் செய்து, அதனால் மரணமோ ஊனமோ ஏற்பட்டால், பொறுப்பான அதிகாரி, கான்ட்ராக்டர், ஆலோசகருக்கு 1 லட்சம் ரூபாய் வரை அபராதம் என்கிறது. "விதி, போயிட்டான்" என்று முடித்த விஷயத்தில், ரோடு போட்டவரையும் கேள்வி கேட்கலாம் என்று சட்டமே சொல்கிறது.

இதில் நம் பக்கத்துப் பங்கும் உண்டு. கோவை கங்கா மருத்துவமனையின் எலும்பு சிகிச்சை நிபுணர் டாக்டர் எஸ்.ராஜசேகரன், 2012-ல் உச்ச நீதிமன்றத்தில் சாலைப் பாதுகாப்புக்காகப் பொதுநல வழக்கு தொடுத்தார். அந்த வழக்கில்தான் 2025 அக்டோபரில், 138(1ஏ) பிரிவின் கீழ் ஆறு மாதத்துக்குள் விதிகளை வகுக்க மாநிலங்களுக்கு உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது.

ஒரு மணி நேரம்... ஒரு நோட்டு... ஒரு பேனா!

இப்போது நீங்கள் செய்யக்கூடியது. "சைக்கிள் பாதை வேணும்" என்று மனு கொடுத்தால், "ஆகட்டும் பார்க்கலாம்" என்பார்கள். நம்பரோடு போனால் கதை வேறு.

இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் 1962-லேயே சைக்கிள் பாதைக்கென்று ஐ.ஆர்.சி:11 என்ற வழிகாட்டியை வெளியிட்டது. 2015-ல் அதைப் புதுப்பித்தார்கள். அந்தப் பழைய வழிகாட்டியே என்ன சொன்னது தெரியுமா? ஒரு ரோட்டில் மணிக்கு 200-க்கும் மேல் மோட்டார் வண்டிகள் போனால், மணிக்கு 100 சைக்கிள் போனாலே தனிப் பாதை நியாயம். மணிக்கு 200 வண்டி என்பது இன்று பழனியின் எந்த மெயின் ரோட்டிலும் சில நிமிஷக் கணக்கு.

ஆகவே, நண்பர்கள் நாலு பேர் சேருங்கள். பள்ளி நாளில் காலை 8 முதல் 9 மணி வரை ஓர் இடத்தில் நில்லுங்கள். ஒருவர் சைக்கிளை மட்டும் எண்ணட்டும், ஒருவர் மோட்டார் வண்டிகளை. இன்னொருவர் ரோட்டின் அகலம், பாதையை அடைத்து நிற்கும் விஷயங்கள், உடைந்த சாக்கடை மூடிகளை போட்டோ எடுக்கட்டும். நாலாமவர் சைக்கிள்கள் எந்த இடத்தில் தடுமாறுகின்றன என்று குறிக்கட்டும். மூன்று நாள் இதைச் செய்தால் கையில் அசைக்க முடியாத ஆதாரம்.

அடுத்து, அந்த ரோடு யாருடையது என்று பாருங்கள்: நகராட்சியா, மாநில நெடுஞ்சாலைத் துறையா, தேசிய நெடுஞ்சாலையா? இது தெரியாமல் கொடுக்கும் மனு மேஜை மேஜையாகச் சுற்றும். திண்டுக்கல் கலெக்டர் அலுவலகத்தில் திங்கட்கிழமை நடக்கும் மக்கள் குறைதீர் கூட்டம், முதல்வரின் முகவரி துறையின் 1100 உதவி எண் இரண்டையும் பயன்படுத்துங்கள். மாவட்ட சாலைப் பாதுகாப்புக் குழுவில் விஷயத்தை வைக்கச் சொல்லிக் கேளுங்கள். பதில் வராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கவே இருக்கிறது.

பாதை வரும்வரை...

நீங்கள் சைக்கிளில் என்றால்:

* ரோட்டின் கடைசி விளிம்பில் ஓட்டாதீர்கள். மண் இறக்கத்திலிருந்து முக்கால் மீட்டராவது உள்ளே வாருங்கள். விளிம்பில் போனால், "இடம் இருக்கு" என்று பஸ் உரசிக்கொண்டு முந்தும்.

* லாரி, பஸ்ஸின் இடது பக்கம் நுழையாதீர்கள். நின்றிருந்தாலும் வேண்டாம்.

* பின்னால் சிவப்பு ரிஃப்ளெக்டர், முன்னால் லைட் அவசியம். டைனமோ இல்லாமல் வந்தால் போலீஸ் பிடித்த காலம் ஒன்று இருந்தது. தாத்தாவைக் கேட்டால் சொல்வார். பெடலிலும் பையிலும் ஒளிரும் ஸ்டிக்கர் ஒட்டினால் இன்னும் தூரத்திலிருந்து தெரிவீர்கள்.

* திரும்பும் முன் பின்னால் பாருங்கள், கையைக் காட்டுங்கள், அப்புறம் திரும்புங்கள்.

* காதில் இயர்போன் வேண்டாம். சைக்கிளில் உங்கள் கண்ணாடியே காதுதான்.

நீங்கள் பைக், காரில் என்றால்:

* முந்தும்போது சைக்கிளுக்கும் உங்களுக்கும் ஒரு மீட்டருக்கு மேல் இடைவெளி விடுங்கள். இடமில்லை என்றால் காத்திருங்கள். பத்து விநாடிதான்.

* பக்கத்தில் வந்து ஹாரன் அடிக்காதீர்கள். பதறிப்போய் சைக்கிள் உங்கள் பக்கமே சாயும்.

* டிரைவர் சீட்டிலிருந்து இறங்கும்போது, வலது கதவை இடது கையால் திறந்து பழகுங்கள். உடம்பு தானாகத் திரும்பும், பின்னால் வருபவர் தெரிவார். நெதர்லாந்தில் இதைப் பழக்கமாகவே சொல்லித் தருகிறார்கள்.

பிளஸ் ஒன்னில் சைக்கிள் வாங்கும் நாளில் ஒரு பெண்பிள்ளையின் முகத்தைப் பார்த்திருப்பீர்கள். பஸ் வராவிட்டாலும் ஸ்கூலுக்குப் போய்விடலாம் என்ற தைரியம் அது. ஒருநாள் லாரி உரசிக்கொண்டு போனதை வீட்டில் சொன்னால், மறுநாளிலிருந்து "நீ பஸ்லயே போ" என்பார்கள். பஸ் இல்லாத ஊராக இருந்தால், "நீ போகவே வேணாம்" என்றும் சொல்வார்கள். ரோட்டில் இரண்டு மீட்டர் குறைந்தால், ஒரு பிள்ளையின் படிப்பே குறைய வாய்ப்பிருக்கிறது.

அடுத்த முறை "ஓரமாப் போம்மா" என்று வாய் வரும்போது, ஒரு விநாடி அவளுக்கு இடது பக்கம் என்ன இருக்கிறது என்று பாருங்கள். ஒன்றும் இல்லை என்றால், நோட்டையும் பேனாவையும் எடுங்கள். எண்ணத் தொடங்குவோம்.